ஒரே பிள்ளை, மூன்று ஸ்கோர்

"மிஸ், போன வருஷம் 34தான் இருந்துச்சு. இப்ப 98ன்னு போட்டிருக்காங்க. இவ்வளவா ஏறிடுச்சு?"

ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. ஃபைலை வாங்கிப் பார்த்தேன். 34 கார்ஸ் ஸ்கோர், 98 ஐ.எஸ்.ஏ.ஏ. ஸ்கோர். இரண்டுக்கும் அடியில், பையனுக்கு இரண்டு வயது ஆவதற்கு முன் குழந்தை மருத்துவர் எடுத்த எம்-சாட் தாள் ஒன்று கிடந்தது, அதில் 9. மூன்றும் ஆட்டிசத்துக்கான மூன்று மதிப்பீட்டுக் கருவிகள், ஒவ்வொன்றும் ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் வேறு. பையனுக்கு எதுவும் ஏறவில்லை. உண்மையில் போன வருஷத்தைவிட நாலு வார்த்தை கூடுதலாகவே பேசுகிறான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் 98 என்ற எண்ணைப் பார்த்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அத்தனை வேதனையும் இல்லாமல் போயிருக்கும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் சிறப்பாசிரியராக இருக்கிறேன். ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்வது என் வேலை இல்லை, அது மருத்துவரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் செய்ய வேண்டியது. அவர்கள் எழுதியதை வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் இந்தப் பிள்ளைக்கு எதிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது என்று பார்ப்பது என் வேலை. அதனால் இந்த ரிப்போர்ட்டுகளை நான் நிறைய வாசிக்கிறேன், பெற்றோர்கள் அவற்றை எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். ஒவ்வொரு கருவியும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் செய்யப்பட்டது, வேறு கேள்விக்கு அதனிடம் பதில் கேட்டால் தப்பான பதில்தான் வரும். இதை அந்த அப்பாவிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. 1943-ல் லியோ கானர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது என்ன செய்தாரோ, அடிப்படையில் இன்றைக்கும் அதையேதான் செய்கிறோம்: பிள்ளையைக் கவனிக்கிறோம், வளர்த்தவர்களிடம் கேட்கிறோம். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநல மருத்துவக் கையேட்டின் வரையறை இரண்டு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் உள்ள சிரமம். இன்னொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், ஒலி, ஒளி, தொடுதலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது போன்றவை. இவை சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு மருத்துவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கருவிகள் வந்தன. கடைசி முடிவை எடுப்பது மனிதர். கருவி அவருக்குத் துணை, அவ்வளவுதான்.

எம்-சாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இன்று வாட்ஸப்பில் பி.டி.எஃப். ஆகச் சுற்றுவது அதுதான். டயானா ராபின்ஸ், டெபோரா ஃபைன், மரியான் பார்ட்டன் முதலானவர்கள் 2001-ல் 23 கேள்விகளோடு வெளியிட்டார்கள், பிறகு திருத்தி 20 கேள்வியாக்கினார்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே உரியது. நாலு வயதுப் பிள்ளைக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு" என்று நிம்மதியாக இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், அது வருத்தமான விஷயம். 0 முதல் 2 வரை வந்தால் இப்போதைக்குக் கவலை குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது. எந்தக் கேள்விகளில் பிள்ளை தவறியதோ அவற்றை மட்டும் எடுத்து, உதாரணம் கேட்டு, மறுபடி பேட்டி எடுக்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்குக்கூடக் காத்திராமல் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடலாம். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இரண்டாவது கட்டம். தாளை நிரப்பி, கூட்டிப் போட்டு, முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் சந்தேகம் உறுதியான குழந்தைகளில் 47.5 சதவீதம் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. மீதிப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு வேறு ஏதாவது வளர்ச்சித் தாமதம் இருந்தது. எல்லாம் சேர்த்தால் 94.6 சதவீதம். அதாவது எம்-சாட்டில் ஸ்கோர் வந்துவிட்டால் ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை, ஆனால் "பையன் லேட்டாப் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. இந்தப் பிள்ளையை இன்னும் பார்க்க வேண்டுமா என்பதுதான் எம்-சாட்டின் கேள்வி. அதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

ஆமாம், இல்லை என்று டிக் அடிப்பதில் ஒரு பெரிய சிக்கலும் இருக்கிறது. எட்டாத இடத்தில் உள்ள பொருளைக் கேட்க உங்கள் குழந்தை ஒரு விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று ஒரு கேள்வி. ஒரு அம்மா "ஆமாம்" என்று டிக் அடித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "எங்கம்மா காட்டுதான்? என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பிரிட்ஜு கைப்பிடில வச்சிட்டு நிப்பான்" என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதை அவன் எப்படியோ தெரியப்படுத்துகிறான், அது அவருக்குக் "காட்டுவது"தான். ஆனால் அந்தக் கேள்வி விசாரிப்பது வேறு. விரலை நீட்டுகிறானா, நீட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறானா? இன்னொருவர் கையை ஒரு சாவியைப் போல எடுத்துப் பயன்படுத்துவதும், இன்னொருவரிடம் கேட்பதும் ஒன்றில்லை. அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. வானத்தில் விமானம் போனால், தெருவில் பெரிய லாரி வந்தால், எதுவும் வேண்டும் என்பதற்காக இல்லாமல் சும்மா உங்களுக்குக் காட்டுவதற்காகச் சுட்டுகிறானா? பிஸ்கட் டப்பாவைச் சுட்டுகிற பிள்ளை பலூன்காரரைச் சுட்டாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒழிய அந்த டிக்குக்குப் பெரிதாக அர்த்தம் இல்லை.

இது நம்முடைய ஊகம் மட்டுமில்லை. இலங்கையில் ஹேமமாலி பெரேராவும் அவருடன் இருந்தவர்களும் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் எம்-சாட்டை வைத்து ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் கால்வாசியைத்தான் அது பிடித்தது. தாய்மார் ஆரம்ப அறிகுறிகளைக் கவனிக்காததும், அவர்கள் பதில் சொல்லும் விதத்தில் பண்பாட்டின் தாக்கம் இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனால் அதோடு அவர்கள் நிற்கவில்லை. பிறகு அதே நாட்டில், கேள்வியோடு புகைப்படத்தையும் வைத்து அம்மாவிடம் காட்டிக் கேட்கும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. வார்த்தையில் கேட்டால் "ஆமாம்" என்கிற அம்மா, படத்தைப் பார்த்ததும் "ஐயோ, இப்படி இவன் செய்ய மாட்டானே" என்பார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் காது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் ஓ.ஏ.இ., பெரா ஆகிய செவித்திறன் பரிசோதனைகள் எடுத்திருக்க வேண்டும். ஃபைலில் அந்தத் தாள் இல்லை என்றால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன். "டிவில விளம்பரம் வந்தா ஓடி வாரான் மிஸ், காது நல்லாத்தான் கேக்குது" என்பது பரிசோதனை ஆகாது. சில அலைவரிசைகளில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தாலும் பேச்சு தாமதமாகும்.

சரி, கார்ஸுக்கு வருவோம். எரிக் ஷாப்ளரும் அவருடைய குழுவும் வட கரோலினாவில் உருவாக்கி 1980-ல் வெளியிட்டது. மனிதர்களோடு உறவு, பார்த்துச் செய்தல், உடலைப் பயன்படுத்தும் விதம், மாற்றத்தை ஏற்றுக்கொள்வது, பேச்சு, பயம் என்று 15 தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, நடுவில் அரை மதிப்பெண்ணும் உண்டு. இதில் பெற்றோர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: கார்ஸில் பூஜ்யமே கிடையாது. எந்தச் சிரமமும் இல்லாத பிள்ளைக்கும் 15 வரும், உச்சம் 60. 34 என்பது நூற்றுக்கு 34 இல்லை. 30-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 30 முதல் 36.5 வரை மைல்டு முதல் மாடரேட், 37-லிருந்து சிவியர் என்பது மூலத்தில் உள்ள கணக்கு. வேலூர் சி.எம்.சி.யில் பால் ரசல் குழுவினர் நம் குழந்தைகளிடம் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டதில், இந்தியாவில் 33 என்ற எல்லைதான் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். ஆக, 31 வாங்கிய பிள்ளைக்கு ஒரு புத்தகப்படி ஆட்டிசம் உண்டு, இன்னொரு கணக்குப்படி இல்லை. அந்த இடத்தில் எண்ணை விட்டுவிட்டு, எந்தத் தலைப்பில் 3 வந்திருக்கிறது, எதில் 1.5 என்று பார்க்க வேண்டும். எனக்குப் பாடம் போட உதவுவது அந்த 15 வரிகள்தான். ஆனால் வரும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் மொத்த எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் "மைல்டு டு மாடரேட்" என்று போட்டு முடித்திருக்கிறார்கள். பணம் கட்டி, லீவு போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெற்றோர்களுக்கு அந்த 15 வரிகளைக் கொடுப்பதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

உலகம் முழுக்கத் தங்கத் தரம் என்று சொல்லப்படுவது ஏடாஸ். கேத்தரின் லார்டு, மைக்கேல் ரட்டர் முதலானவர்கள் 1989-ல் அறிமுகப்படுத்தியது, இப்போது புழக்கத்தில் இருக்கும் இரண்டாம் பதிப்பு 2012-ல் வந்தது. இதில் கேள்வித்தாளே கிடையாது. 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பயிற்சி பெற்றவர் பிள்ளையோடு விளையாடுவார். பார்க்கிறவர்களுக்கு வெறும் விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் உண்டு. பலூனை ஊதிப் பறக்க விடுவார். பிள்ளை சிரிக்கும், ஓடும். மறுபடி பலூனை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் நிறுத்திவிடுவார். அந்தச் சில விநாடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளை பலூனை மட்டும் பார்க்கிறதா, இல்லை பலூனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறதா? கையை நீட்டுகிறதா, சத்தம் கொடுக்கிறதா, அவர் உதட்டைத் தொடுகிறதா, விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறதா? அப்புறம் சோப்பு நுரைக் குமிழி, பொம்மைக்குப் பிறந்தநாள் விழா, தூரத்தில் வைத்த முயல் பொம்மையைக் கண்ணால் காட்டி "பாரு" என்பது, தின்பண்டம் கொடுக்கும்போது எப்படிக் கேட்கிறது என்று கவனிப்பது. உதவி செய்ய நமக்குக் கை பரபரக்கும், அவர் செய்ய மாட்டார், பிள்ளை தானாக என்ன செய்கிறது என்று பார்க்கக் காத்திருப்பார். இதற்கு முகம் அவ்வளவு முக்கியம் என்பதால்தான் கோவிட் காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏடாஸ் எடுத்தால் அந்த ஸ்கோர் செல்லாது என்று அதன் பதிப்பகமே சொன்னது.

இதோடு சேர்த்து ஏ.டி.ஐ.-ஆர். என்றொரு நீண்ட பேட்டி இருக்கிறது. 93 கேள்விகள், இரண்டரை மணி நேரம் வரைகூட ஆகும், பெற்றோர்களிடம் பிள்ளையின் முழு வரலாற்றையும் கேட்பார்கள். இந்த இரண்டும் நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காது. ஏடாஸ் பெட்டியின் விலை அதிகம், பயிற்சி அதைவிட அதிகம். அதனால் "ஏடாஸ் எடுக்கலையே, அப்ப இந்த ரிப்போர்ட் சரியா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு என் பதில்: அனுபவமுள்ள மருத்துவர் நேரம் ஒதுக்கிப் பார்த்து எழுதியிருந்தால் அது சரியான ரிப்போர்ட்தான். ஏடாஸ் எடுப்பதற்காக எட்டு மாதம் காத்திருந்து அதுவரை எதையும் ஆரம்பிக்காமல் இருப்பதுதான் நஷ்டம். நம் நாட்டிலேயே இன்க்ளென் என்ற ஆய்வு அமைப்பின் குழுவினர் 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உருவாக்கிய ஒரு கருவி இருக்கிறது, எய்ம்ஸ் அதை டி.எஸ்.எம்.-5-க்கு ஏற்பத் திருத்தியிருக்கிறது. அதை எடுக்கும் மருத்துவர் உங்கள் ஊரில் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

இனி அந்த 98. ஐ.எஸ்.ஏ.ஏ. என்பது செகந்திராபாத்தில் உள்ள, மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் (இன்றைய பெயர் நியெபிட்) உருவாக்கி 2009-ல் வெளியிட்ட இந்திய அளவுகோல். 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. நம் பிள்ளைகள் மனவளர்ச்சி குன்றியோர் என்ற பெயரில்தான் சர்டிஃபிகேட் வாங்க வேண்டியிருந்தது, அந்தப் பிரிவுக்குள் வராதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சர்டிஃபிகேட்டுக்கு அளவிட ஐ.எஸ்.ஏ.ஏ. வந்தது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. எனவே இதிலும் குறைந்தபட்சம் பூஜ்யம் இல்லை, 40. அதிகபட்சம் 200. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 மைல்டு, 107 முதல் 153 மாடரேட், அதற்கு மேல் சிவியர். ஆக 98 என்பது மைல்டு. கார்ஸில் 34 சொன்னதையேதான் இது இன்னொரு அளவில் சொல்கிறது. அந்த அப்பாவுக்கு இதைத் தாளில் கோடு போட்டுக் காட்டினேன், அவர் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஐ.எஸ்.ஏ.ஏ. மேல் எனக்கு மரியாதை உண்டு. இலவசமாக, நம் மொழிகளில், அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்க முடிகிற கருவி, நிறையக் குடும்பங்களுக்குச் சட்டத்தின் கதவைத் திறந்தது. ஆனால் அதன் கேள்விகளில் சில நெருடுகின்றன. அந்தப் பழக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து, 20 சதவீதம் வரை என்றால் 1, எப்போதுமே என்றால் 5 என்று போட வேண்டும். "பேச்சு வந்து பிறகு போய்விட்டது" என்பதும் 40-ல் ஒன்று. ஒரு தடவை நடந்துபோன இழப்புக்கு எத்தனை சதவீத நேரம் என்று எப்படிப் போடுவது? அசாதாரண ஞாபகசக்தியும் அதில் ஒரு கேள்வி. ஜங்ஷனுக்கு வரும் பஸ்களின் ரூட்டையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் கூடும், அதாவது குறைபாடு கூடும். இதைப் பெற்றோர்களிடம் விளக்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

அதைவிடப் பெரிய சங்கடம் சதவீதம். ஐ.எஸ்.ஏ.ஏ. ஸ்கோரை ஊனத்தின் சதவீதமாக மாற்றி சர்டிஃபிகேட்டில் எழுதுகிறார்கள், சட்டப்படியான பல சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லை. பள்ளித் தேர்வில் சலுகை, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். அதனால் பிள்ளை முன்னேறினால் சதவீதம் குறைந்து எல்லாம் போய்விடுமோ என்று பயப்படும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது இதுதான்: சர்டிஃபிகேட் கொடுக்கும் மெடிக்கல் போர்டு முன் உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டு மண்டபத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றீர்களே, அதையும் சொல்லுங்கள். டாக்டர் முன் பிள்ளையின் பெருமையைச் சொல்லவேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, "எல்லாம் புரிஞ்சுக்குவான் சார்" என்று ஆரம்பிப்போம். அந்த நாற்பது கேள்விகளுக்கும் அது உதவாது.

மதிப்பீட்டு நாளில் பிள்ளை எப்படி இருந்தது என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போய், காலையில் லாட்ஜில் குளிப்பாட்டி, டோக்கன் வாங்கி, பதினோரு மணிக்கு ஏ.சி. அறைக்குள் தெரியாத ஆள் முன் உட்கார வைத்தால் எந்தப் பிள்ளையும் தன் இயல்பில் இருக்காது. முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். முடியாவிட்டால் "தூங்கல, சாப்பிடல" என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் வீட்டு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, சித்தப்பா பிள்ளைகளோடு இருக்கும்போது, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். அப்புறம், பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது ஆச்சி என்றால் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வயசானவங்க எதுக்கு என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து உருவானவை. அமைதியாக, பக்கத்துப் பெண் செய்வதைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்துவிடும் பெண்ணுக்கு ஸ்கோர் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும், வீட்டிலும் "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று பெயர் வாங்கியிருப்பாள். ஆறாம் வகுப்பில் வந்து சேரும்போது அவளுக்கு அதற்குள் எவ்வளவு களைப்பு சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

ஸ்கோர் எல்லைக்கு ஒட்டி இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம் அலைகிறார்கள். ஒரு இடத்தில் உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை, மூன்றாவது இடத்தில் "ஆறு மாசம் கழிச்சு வாங்க". அந்த ஆறு மாதம் சும்மா போகவேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில், ஊரில் டி.இ.ஐ.சி. என்பார்களே அங்கே, ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் (ஓ.டி.) கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆட்டிசம் என்று எழுதிய தாள் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று அங்கே சொல்ல மாட்டார்கள், வளர்ச்சித் தாமதம் போதும். எங்களிடம் வருகிறவர்களுக்கும் அதேதான். கார்ஸ் 29 ஆனாலும் 31 ஆனாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு விரலை நீட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறோம்.